தொட்டுப் பார்க்காத முதுகு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிற்சி முகாமில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டுப் பேசியவரால் சரிபார்க்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்ட தோழர்கள் 'மன அழுத்தமும் உடல் வலியும்' என்று ஒரு தலைப்பு கொடுத்தார்கள். கூடவே செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினாங்க. ஒருத்தரைக் குப்புறப் படுக்க வைத்து, நடுமுதுகில் இரண்டு கையையும் வைத்து ஓர் அழுத்து. படக்குன்னு ஒரு சத்தம். படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். 'அக்கா, இதை நம்ம சேரிகள்ல முகாம் போட்டுச் செய்ய முடியுமா? நம்ம ஜனத்துல முதுகுவலி இல்லாத ஆளே இல்ல' என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. நாற்று நடுகிறவள், செங்கல் சுமக்கிறவன், மலக்குழியில் இறக்கிவிடப்படுகிறவன், விடுதியில் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிற மாணவன், இவங்க யாருக்கு முதுகு வலிக்கல? ஆனா ஆமாம், இல்லைன்னு ஒத்தை வார்த்தையில் என்னால பதில் சொல்ல முடியல.

நான் பிசியோதெரபிஸ்ட். திண்டிவனத்துப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவள். படித்து முடித்து இங்கே சில வருசம் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் தென்பகுதியில் நாலு வருசம் வேலை செய்தேன். கருப்பின மக்கள் நெருங்கி வாழ்கிற பகுதி. அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் பேசப் போகிறேன். நடுவில் எங்கம்மா கதையும் வரும். அது இல்லாமல் இதைப் பேச முடியாது.

அந்த வீடியோவில் பார்த்தீங்களே, அதற்குப் பெயர் கைரோபிராக்டிக். கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். இந்த வைத்தியம் பிறந்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில், 1895இல். டி.டி. பாமர் என்பவர் அங்கே காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னாடி மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் வைத்தியம் பார்த்த கட்டடத்தைத் துடைத்துப் பெருக்கிய தொழிலாளியின் பெயர் ஹார்வி லில்லார்ட். கருப்பினத்தவர். குனிந்து வேலை செய்தபோது முதுகில் என்னவோ 'விட்டுப்போன' மாதிரி இருந்தது, அதற்கப்புறம் காது கேட்கல, 17 வருசமாக அப்படித்தான் என்றிருக்கிறார் லில்லார்ட். பாமர் அவருடைய முதுகெலும்பில் ஒரு முட்டை அழுத்தி 'உள்ளே தள்ளினார்', காது கேட்டது. இதுதான் அந்தத் தொழிலின் தோற்றக் கதை.

கதை உண்மையா என்று கேட்பீங்க. காதுக்குப் போகிற நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே போய்விடுகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதில்லை. அதனால் பாமர் சொன்ன காரணத்தை உடற்கூறு ஏற்றுக்கொள்ளாது. லில்லார்டின் மகள் பின்னாளில் வேறு மாதிரிச் சொன்னார். அப்பா யாரிடமோ சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுச் சிரித்த பாமர் கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் தட்டினார், எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்று. எது நடந்ததோ, எனக்கு அது பெரிசில்ல. ஒரு தொழிலின் முதல் உடம்பு, துடைப்பம் பிடித்த ஒரு கருப்பருடைய உடம்பு. அந்த முதுகை வைத்துப் பாமர் பள்ளிக்கூடம் திறந்தார். அவர் மகன் அதைப் பெரிசாக்கினார். அந்தப் பள்ளிக்கூடம் பல பத்தாண்டுகள் கருப்பின மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. லில்லார்டின் முதுகு வேணும், லில்லார்டின் பிள்ளைகள் வேணாம். நமக்கு இது புதுசா? கோயிலுக்குக் கல் சுமந்தவனை வாசலில் நிறுத்துகிற ஊர் நம்ம ஊர். இன்றைக்கும் அமெரிக்காவில் கைரோபிராக்டர்களில் கருப்பினத்தவர் மிகக் குறைவு.

இது ஒரு தொழிலின் கதை. மொத்த மருத்துவமும் கருப்பு உடம்பை எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான், அந்த மக்களுக்குக் கை வைத்தியம் ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று புரியும்.

1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்றொரு மருத்துவர், அமெரிக்கத் தெற்கில், அடிமைகளுக்கு என்றே இரண்டு நோய்களைக் கண்டுபிடித்தார். தப்பி ஓடுவது ஒரு நோயாம். வேலையில் சுணங்குவதும் தோலில் உணர்ச்சி மழுங்கிப் போவதும் இன்னொரு நோயாம். இரண்டாவதற்கு அவர் எழுதிய வைத்தியத்தைக் கேளுங்க. உடம்பைக் கழுவி, எண்ணெய் தடவி, அகலமான தோல்வாரால் அடித்து அடித்து அந்த எண்ணெயை உள்ளே இறக்கணும். அப்புறம் வெயிலில் கடினமான வேலை கொடுக்கணும். சாட்டையடிக்கு மருத்துவச் சீட்டு எழுதிக் கொடுத்தவன் அவன்.

மரியன் சிம்ஸ் இன்னொருவர். நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் இருந்தவர். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் அறுத்துப் பழகினார். அனார்கா, லூசி, பெட்சி என்று மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைக்கின்றன. அனார்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 முறை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரம் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் எடுத்தார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. அட்லாண்டா நகரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். வெள்ளையர்களில் 100க்கு 74 பேருக்கு வலி மருந்து கொடுத்திருந்தார்கள். கருப்பினத்தவரில் 57 பேருக்கு. எலும்பு ஒரே மாதிரித்தான் முறிந்திருக்கு. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டார்கள். பாதிப் பேர், கருப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது உண்மை என்று நம்பினார்கள். அரிவாள் செல் ரத்தசோகை என்று ஒரு நோய். அமெரிக்காவில் அது பெரும்பாலும் கருப்பின மக்களுக்கு வருவது. நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் அது இருப்பதை 1952இலேயே எழுதியிருக்காங்க. அந்த வலி வரும்போது எலும்பையே முறுக்கிப் பிழிவது மாதிரி இருக்கும். அந்த வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் போதை ஊசிக்காக நடிக்கிறவர் என்று உட்கார வைத்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்தது.

1994. நான் பிளஸ் ஒன். அம்மாவுக்கு நடுமுதுகில் வலி. நடவுக்குப் போகிறவளுக்கு முதுகுவலி அதிசயமா? ஆனா இது ராத்திரியில் படுத்தாலும் வலித்தது. சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல். ரவிக்கை தொளதொளத்துப் போச்சு. பக்கத்திலிருந்த மருத்துவமனைக்கு மூன்று தடவை கூட்டிக்கிட்டுப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம், மேசையிலிருந்து நாலடி தள்ளி நாங்கள். எங்களை அங்கே நிற்கச் சொன்னது உதவியாளர். எந்தத் தெரு என்று கேட்ட பிறகு சொன்னார். டாக்டர் நிமிரவே இல்லை. 'என்ன பண்ணுது?' 'முதுகு வலிங்க.' சீட்டு. வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை, தேய்க்க ஒரு களிம்பு. மூன்று தடவையும் அதே சீட்டு. மூன்று தடவையும் அந்த முதுகை அவர் தொடல.

அப்புறம் எங்க தெருவிலேயே சுளுக்கு வழிக்கிற பெரியவர் ஒருத்தரிடம் போனோம். அவர் தொட்டார். விளக்கெண்ணெய் காய்ச்சி, ஒரு மணி நேரம் நீவிவிட்டார். அம்மா அழுதாள். வலியில் இல்ல, தொட்டதுக்காக என்று பின்னால் சொன்னாள். கடைசியில் பெரியவர் முதுகில் முழங்காலை ஊன்றித் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சத்தம் கேட்டது. இரண்டு நாள் தேவலைன்னா. நாலாம் நாள் காலையில் எழுந்து நின்றவளுக்குத் தரை தெரியல. கால் துணி மாதிரி மடங்கிச்சு. சிறுநீர் இறங்கல.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் காசநோய். இரண்டு எலும்பு நொறுங்கிச் சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பெரியவர் இழுத்ததால்தான் கால் போச்சு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எலும்பை நோய் ஏற்கெனவே தின்றிருந்தது. ஆனா இழுத்திருக்கவே கூடாது. பின்னால் நான் இந்தப் படிப்புக்கு வந்த பிறகு ஒன்று புரிந்தது. அந்த நோயில் முதுகு நடுவில் ஓர் எலும்பு முட்டாகத் துருத்திக்கொண்டு வரும். அம்மாவுக்கும் வந்திருந்தது. கழுத்திலிருந்து கீழே விரலை ஓட்டினால் தட்டும். ஒரு நிமிசம் ஆகாது. முதல் தடவை போன அன்றைக்கே அந்த டாக்டரின் விரல் ஒரு முறை அங்கே போயிருந்தால் அம்மா திரும்ப நடவுக்குப் போயிருப்பாள். ஒரு வருசத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டுக் கோலூன்றி நடந்தாள். வயலில் இறங்கவே இல்லை.

தீண்டாமையைப் பற்றி நாம எத்தனையோ பேசியிருக்கோம். டீக்கடை, குளம், கோயில், சுடுகாடு. மருத்துவர் மேசையின் அந்த நாலடியைப் பற்றி அதிகம் பேசல.

சிகாகோவுக்கு வருவோம். நான் வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கருப்பினப் பெண் கைரோபிராக்டர் சின்னதாக ஒரு இடம் வைத்திருந்தார். எனக்குக் கழுத்துவலி வந்துதான் போனேன். ஒரு சந்தேகத்தோடுதான். எங்க படிப்பில் அவங்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவோம். பாமர் சொன்ன மாதிரி எல்லா நோயும் முதுகெலும்பு விலகுவதால் வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அது அறிவியல் இல்லை. ஆனா அந்த அம்மா அப்படி எதுவும் பேசல. முதல் 20 நிமிசம் தொடவே இல்லை. எங்கே தூங்குறே, எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறே, வேலையில் யார் உன்னைக் கத்துறாங்க, உன் பேரைச் சரியாகச் சொல்றாங்களா என்று கேட்டார். அப்புறம் கேட்டார், 'உன் கழுத்தைத் தொடலாமா?' என்று.

தோழர்களே, தொடலாமா என்ற வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். நாம தொடலாமா, நாம தொட்டதை அவங்க தொடலாமா என்று. என் உடம்பு என்னுடையது என்று வைத்து ஒருத்தர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்ல நேரமாச்சு.

அங்கே வருகிறவர்களில் பஸ் ஓட்டுகிறவர்கள், மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்கள், இரண்டு வேலை பார்க்கிற பெண்கள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் இறுக்கம். கழுத்தும் தோளும் சேருகிற இடம், தாடை, இடுப்பு. காரணம் மர்மம் இல்லை. ஆபத்து என்று மூளை நினைத்தால் உடம்பு அடி தாங்கத் தயாராகும். தோள் ஏறும், மூச்சு மேலாக ஓடும், தசை விறைக்கும். ஆபத்து போனால் தளரும். போகாத ஆபத்து என்றால்? பின்னால் போலீஸ் வண்டி வருகிறதா என்று 30 வருசம் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவனுக்குத் தோள் எப்போ இறங்கும்? தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலி கூடும், சின்ன வலியையும் நரம்பு பெரிசாக்கிச் சொல்லத் தொடங்கும். ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். வெதரிங். வெயிலிலும் மழையிலும் போட்ட மரம் உளுத்துப்போவது மாதிரி, இனவெறிக்குள் வாழ்கிற உடம்பு வயசுக்கு முன்னாலேயே தேய்கிறது என்று. 'மன அழுத்தம்' என்று சொன்னவுடன் மூச்சை இழுத்துவிடு, யோகா பண்ணு என்று நம்ம பக்கமே திருப்பிவிடுகிறார்கள் பாருங்க, அவங்க வாயை அடைக்க இந்தச் சொல் எனக்கு உதவியிருக்கிறது.

சரி, கை என்ன செய்யும்? படக் சத்தத்தைப் பற்றி முதலில். விலகின எலும்பு இடத்தில் உட்காருகிற சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயு இடைவெளி உண்டாகிற சத்தம். விரலில் சொடக்குப் போடுவது மாதிரித்தான். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதெல்லாம் இல்லை. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, சாதாரண இடுப்பு முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் மற்றதைப் பாருங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒத்தடம், நீவிவிடுதல், உடற்பயிற்சி, அக்குபங்சர் எல்லாம் அதில் உண்டு. முதுகெலும்பைக் கையால் அசைப்பதும் உண்டு. பலன் மிதமானது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. வலி கொஞ்சம் குறையும், கொஞ்ச நாளைக்கு. அந்தக் கொஞ்ச நாளில் அந்த ஆள் நடக்கவும் தூங்கவும் முடிந்தால் அது பெரிசு. இதற்கு மேல் யாராவது சொன்னால் வியாபாரம். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதை நான் செய்ய மாட்டேன். அரிதாக என்றாலும் மூளைக்கு ரத்தம் போகிற குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

இன்னொரு இடத்தைப் பற்றிச் சொல்லணும். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ். அங்கே லிங்கன் மருத்துவமனையை ஜனங்கள் கசாப்புக்கடை என்றுதான் சொல்வார்களாம். 1970 ஜூலை 14 அன்று யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் அதன் ஒரு பகுதியைக் கைப்பற்றினார்கள். அதே வருசம் நவம்பரில் போராடி, போதைக்கு அடிமையானவர்களை மீட்கிற ஒரு பிரிவை அங்கேயே தொடங்க வைத்தார்கள். கருஞ்சிறுத்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். சீனத்து அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு, காதில் ஊசி குத்தி, தெருவில் இருந்தவர்களே தெருவில் இருந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊசிக்கு எவ்வளவு பலன் என்பதில் இன்றைக்கும் வாதம் உண்டு. ஆனா அங்கே வந்து உட்கார்ந்தவனை யாரும் திருடனாகப் பார்க்கல. அரசியல் வகுப்பும் அங்கேயே நடந்தது. 1978இல் நகர நிர்வாகம் அவர்களை வெளியேற்றியது. அங்கே ஊசி குத்திய முட்டுலு ஷக்கூர், நீங்க பாட்டு கேட்கிறீங்களே டுபாக் ஷக்கூர், அவருடைய வளர்ப்புத் தந்தை. 35 வருசத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2022 கடைசியில் வெளியே வந்து, அடுத்த வருசமே இறந்துபோனார்.

கருஞ்சிறுத்தைகள் பல நகரங்களில் இலவச மருத்துவமனை நடத்தினார்கள். அரிவாள் செல் நோய்க்கு வீடுவீடாகப் போய் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1972இல் திருத்திய தங்கள் திட்டத்தில் இலவச மருத்துவத்தையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்தார்கள். அதே 1972இல்தான் பம்பாயில் நம்ம தோழர்கள் அவர்களைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். பேரை எடுத்துக்கிட்டோம், கோபத்தை எடுத்துக்கிட்டோம். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்துக்கல. கோவிச்சுக்காதீங்க, நம்ம இயக்கத்துக்குள்ளேதான் சொல்றேன்.

இப்போ உங்க கேள்விக்கு வருகிறேன். முகாம் போடலாம். நான் வர்றேன். ஆனா படக் சத்தம் கேட்கிற முகாமாக இருக்காது. வருகிறவர் ஒவ்வொருத்தருக்கும் 20 நிமிசம். ஒரு நாளைக்கு 15 பேருக்கு மேல் நான் பார்க்க மாட்டேன், 300 பேர் பயன்பெற்றனர் என்று செய்தி போட ஆசைப்பட்டால் வேறு ஆளைப் பாருங்க. ராத்திரி வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, கால் மரத்துப்போவது, சிறுநீர் தடைப்படுவது, இதில் ஒன்று இருந்தாலும் நாம கை வைக்கப் போவதில்லை. அன்றைக்கே மருத்துவமனை. அவரோடு ஒரு மாணவர் கூடப் போகணும். கூடப் போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டாக்டர் தொட்டுப் பார்க்காமல் சீட்டு எழுதினால், 'சார், முதுகைப் பார்க்கல' என்று அங்கேயே நின்று சொல்லணும். வெளியே தள்ளினால் தேதி, நேரம், என்ன சொன்னார்கள் எல்லாத்தையும் நோட்டில் எழுதணும். ஆறு மாசத்து நோட்டு சேர்ந்தால் அதை வைத்து என்ன போராட்டம் செய்வது என்று நீங்களே முடிவு பண்ணுவீங்க.

சுளுக்கு வழிக்கிற பெரியவர்களையும் கூப்பிடுங்க. விரட்டுவதற்கு இல்ல. எங்கே இழுக்கக் கூடாது என்று நான் அவங்களுக்குச் சொல்றேன். எப்படி நீவுவது என்று அவங்க எனக்குச் சொல்வாங்க. அவங்க கை என் கையை விட நல்ல கை.

பெண்களுக்குத் தனியாக மறைப்பு வேணும். கெட்டியான பாய் ஐந்து, தலையணை, வெந்நீர், சுத்தமான துணி. பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்றால் மரத்தடி போதும், ஆனா ஊர்த்தெரு மண்டபத்தில் அனுமதி கேட்டுப் போய் நிற்காதீங்க. நடவு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வைத்தால் யாரும் வர மாட்டாங்க.